சென்னை – யாழ்ப்பாணம்: தூரம் எவ்வளவு, பிளேன் எவ்வளவு நேரம் எடுக்கும்? (விவாத இழை)

#1 கொக்குவில் ரோஜா

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவை முழங்கால் வருத்தத்துக்குக் காட்ட சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். 74 வயசு. பஸ்ஸில ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தா காலை நீட்டவும் ஏலாது, மடக்கவும் ஏலாது. அதால யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியில இருந்து நேரே போற பிளேன்தான் யோசிக்கிறன்.

தூரம் எவ்வளவு எண்டு தேடினால் ஒரு இடத்தில 192, இன்னொரு இடத்தில 221, வேறொரு இடத்தில 356 எண்டு கிடக்கு. நேரமும் அப்பிடித்தான். ஒரு தளம் முக்கால் மணித்தியாலம் எண்டுது, டிக்கெட்டில ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல போட்டிருக்கு. எது சரி? அம்மா உண்மையில எவ்வளவு நேரம் கதிரையில இருக்கவேண்டி வரும்? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

#2 அளவுகோல்

வணக்கம் அக்கா. நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் ஒரே தூரம்தான், அலகு மட்டும் வேறு. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 356 கிலோமீட்டர். அதுவே சாதாரண மைலில் 221, விமானிகள் கணக்குப் போடும் கடல் மைலில் 192. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பல தளங்கள் எந்த மைல் என்று எழுதாமல் விட்டுவிடுவதால் படிக்கிறவர்கள் தவித்துப் போகிறார்கள்.

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சென்னை விமான நிலையம் கிழக்கே 80.17 பாகை, பலாலி 80.07. சென்னையிலிருந்து நேர்த் தெற்கே கோடு போட்டால் பலாலியில் போய் நிற்கும். வழியில் பெரும்பகுதி கடல்தான். புதுச்சேரியும் நாகப்பட்டினமும் அந்தக் கோட்டுக்கு முப்பது கிலோமீட்டர் அளவு மேற்கே இருக்கின்றன. கோடியக்கரையிலிருந்து பலாலிக்கு வானில் 60 கிலோமீட்டர் கூட இல்லை.

முக்கால் மணி நேரம் எப்படி வந்தது என்றால், 356-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம் வரும். இந்தப் பாதையில் பறப்பது ஏடிஆர்-72, இரண்டு விசிறி வைத்த டர்போபிராப். அதன் பயண வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. தூரம் காட்டும் தளங்கள் இந்த வகுத்தலோடு நிறுத்திக்கொள்கின்றன. சில தளங்கள் எல்லா விமானத்துக்கும் ஜெட் வேகத்தையே வைத்து வகுத்து, அரை மணி என்றுகூடப் போட்டுவிடும். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

#3 மீனம்பாக்கம்

அளவுகோல் சார் சொன்னது சரி. நான் தரைப்பணியில இருக்கிறவன், டிக்கெட்ல போடுற நேரம் என்னன்னு சொல்றேன். அதுக்கு பிளாக் டைம்னு பேரு. நிக்கிற விமானத்தோட சக்கரத்துக்கு முன்னாடி வெச்சிருக்கிற கட்டையை எடுத்த நிமிஷத்துல ஆரம்பிச்சு, அங்க போய் நின்னு மறுபடியும் கட்டை வைக்கிற நிமிஷம் வரைக்கும் கணக்கு. பறக்கிற நேரம் அதுல ஒரு பகுதிதான்.

சென்னைல கிளம்புற ஏடிஆர், நிக்கிற இடத்துல இருந்து ஓடுபாதை முனைக்குப் போய் வரிசையில நிக்கணும். பெரிய வண்டிங்க முன்னாடி இருந்தா பத்துப் பதினஞ்சு நிமிஷம் சாதாரணமா ஓடிடும். ஏறும்போது 500-ல ஏறாது, முன்னூத்திச் சொச்சம்தான். இறங்கும்போதும் வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வரணும். எல்லாம் சேத்தா வானத்துல 50-ல இருந்து 60 நிமிஷம், தரையில ரெண்டு பக்கமும் சேத்து 15-20 நிமிஷம். ஒண்ணேகால் மணி நேரம் வந்துடுச்சா? கம்பெனிங்க தாமதத்துக்குன்னு கொஞ்சம் சேத்துத்தான் போடுவாங்க.

அம்மா சீட்ல உக்கார்ந்திருக்கப் போறது கதவு சாத்துறதுக்கு முன்னாடி இருக்கிற நேரத்தையும் சேத்து ஒண்ணரை மணி நேரம்னு வெச்சுக்குங்க அக்கா. நடுவுல கொஞ்சம் எழுந்து நிக்கலாம்.

#4 டொரண்டோ தம்பி

ஜெட் விட்டால் இன்னும் கெதியாப் போகலாமே? ஏன் இந்த விசிறிப் பிளேனையே விடுகினம்? கொழும்புக்குப் பெரிய பிளேன் எல்லாம் வருது, யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சின்னது.

#5 அளவுகோல்

தம்பி, பலாலி ஓடுபாதையை 2019-இல் புதுப்பித்தபோது ஏடிஆர்-72 அளவு விமானம் இறங்கத்தான் தயார் செய்தார்கள். ஏ320 போன்ற ஜெட் வரவேண்டுமானால் நீளமும் வேண்டும், தளத்தின் பலமும் வேண்டும். அது நடக்கட்டும் என்பதே என் ஆசையும்.

ஆனால் ஜெட் வந்தாலும் நேரம் பாதியாகிவிடாது. 356 கிலோமீட்டரை 830-ஆல் வகுத்தால் 26 நிமிடம் என்று வரும். நடைமுறையில் அந்த ஜெட் தன் முழு உயரத்துக்கு ஏறி முடிக்கும்போதே இறங்கத் தொடங்கும் நேரம் வந்துவிடும். தரையில் ஊர்வதும் வரிசையில் நிற்பதும் இதற்கும் அதற்கும் ஒன்றுதான். டிக்கெட்டில் பதினைந்து நிமிடம் குறைந்தால் பெரிது. ஜெட்டால் உண்மையில் கிடைப்பது கூடுதல் இருக்கையும் கூடுதல் பொதியும். கட்டணம் இறங்குவதற்கு அது உதவும், நேரத்துக்கு அவ்வளவாக இல்லை.

குட்டித் தூரத்துக்கு டர்போபிராப் எரிபொருளையும் குறைவாகக் குடிக்கும். சின்னது என்று யாரும் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

#6 பழைய வாத்தியார்

பிள்ளைகள், இந்தப் பாதை புதிசு எண்டு நினையாதேங்கோ. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோன் தன்ரை முதல் பயணத்தைத் தொடங்கினதே இந்த வழியாலதான். கொழும்புக்குப் பக்கத்தில இரத்மலானையில ஏறி, காங்கேசன்துறையில (பலாலி நிலையத்துக்கு அப்ப அந்தப் பேர்தான்) இறங்கி, அங்கயிருந்து மெட்ராஸ். டக்கோட்டா விமானம், சீதாதேவி எண்டு பேர். நாடு சுதந்திரம் அடைய முந்தியே யாழ்ப்பாணத்துக்கும் மெட்ராசுக்கும் நேர்ப் பறப்பு இருந்தது. பலாலி ஓடுபாதையைப் போட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில பிரிட்டிஷ் விமானப்படை.

என்ரை இளவயதில கலியாணக் கூறை எடுக்க மெட்ராசுக்குப் பறந்து போய் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வசதியுள்ள ஆக்கள்தான், எண்டாலும் அது ஊருக்குள்ள ஒரு அதிசயமாய் இருக்கேல்லை. பிறகு எழுபதுகளின்ரை கடைசியோட எல்லாம் நிண்டு போச்சு. பலாலி இராணுவ முகாமாச்சு. சுத்தி இருந்த சனம் வீடு வளவை விட்டு எழும்பிப் போச்சுதுகள்.

அதுக்குப் பிறகு மெட்ராஸ் போறதெண்டால் என்ன செய்தனாங்கள் தெரியுமே? முதல்ல கொழும்புக்குப் போகவேணும். தரைவழி கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை மூடியிருந்த காலங்களில திருகோணமலைக்குக் கப்பல், அங்கயிருந்து பஸ். பிறகு கொழும்பு விமான நிலையம் கட்டுநாயக்கவில ஏறி 640 கிலோமீற்றர் வடக்கால பறக்கிறது. அந்தப் பிளேன் மெட்ராஸ் போற நேர்கோடு எங்கட குடாநாட்டுக்கு மேலாலதான் போகுது. வீட்டுக்கு மேலால பறந்து போறதுக்காக ஒரு இரவு முழுக்கத் தெற்கால பயணம் செய்திருக்கிறம். 356 கிலோமீற்றருக்குப் பதிலா ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல. நாற்பது வருஷம் அளவில அப்பிடித்தான் கிடந்தது.

ஆனபடியால் ஒண்டேகால் மணித்தியாலமோ ஒண்டரை மணித்தியாலமோ எண்டு நீங்கள் வாதாடுறதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாய்க் கிடக்கு. இன்னும் வாதாடுங்கோ.

#7 கொக்குவில் ரோஜா

வாத்தியார், உங்கட பதிவை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவவும் அந்தக் கப்பலில போனவ. கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு "டிக்கெட்டைப் போடு" எண்டு மட்டும் சொன்னவ.

#8 நாகைக்காரன்

நான் வேற ஒரு வழி சொல்றேன். நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு. 2023 அக்டோபர் 14-ல தொடங்கி வச்சாங்க, கொஞ்ச நாள்ல நின்னுபோச்சு. மறுபடி 2024 ஆகஸ்ட் 16-லேர்ந்து சிவகங்கை கப்பல் ஓடுது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். விமானத்தைவிடக் கட்டணம் குறைவு. கப்பல்ல எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம். முழங்கால் வலிக்கு இதுதானே நல்லது?

#9 அளவுகோல்

நாகைக்குப் போகிறவருக்கு, இல்லை தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போகிறவருக்கு நீங்கள் சொல்வது அருமையான வழி. அக்கா போவது சென்னை. நாகையில் இறங்கிய பிறகு இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கிறது. பேருந்தோ இரவு ரயிலோ, ஆறேழு மணி நேரம் அதற்கே போய்விடும். வீட்டை விட்டதிலிருந்து சென்னை தங்குமிடம் வரை கூட்டினால் ஒரு பகலும் ஓர் இரவும் வரும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவருக்கு நாள் குறித்துக்கொண்டு போகிறவர்கள் அதை நம்பி இருக்க முடியாது.

#10 நாகைக்காரன்

சரிதான், நோயாளிக்கு விமானமே நல்லது, ஒத்துக்கிறேன். ஆனா கப்பலை யாரும் விட்டுடாதீங்க. குடும்பமா நாலஞ்சு பேரு போறப்ப கட்டண வித்தியாசம் ரொம்பப் பெருசு. ஆளே ஏறலைன்னா இந்தச் சேவையும் நின்னுடும். தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914-லேர்ந்து ஓடுச்சு, 1964 புயல்ல தனுஷ்கோடியே போச்சு. அதுக்கப்புறம் ராமேஸ்வரத்துலேர்ந்து ஓடினதும் எண்பதுகள்ல நின்னுபோச்சு. மறுபடி கடல்வழி திறக்க எவ்வளவு காலம் ஆச்சுன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

#11 திருச்சி செல்வி

திருச்சியை ஏன் யாரும் சொல்லல? 2025 மார்ச் 30-லேர்ந்து இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் விடுறாங்க. நேர்கோட்டில 184 கிலோமீட்டர்தான், சென்னைத் தூரத்துல பாதி. ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரம் அளவு போட்டிருப்பாங்க, அதுவும் மேலே சொன்ன அதே காரணத்தாலதான். தூரம் பாதியானாலும் ஏறுற நேரமும் இறங்குற நேரமும் பாதியாகாது இல்லையா? திருச்சி, மதுரை பக்கம் டாக்டர் பார்க்கிறவங்க சென்னைக்குப் போய்த் திரும்பி வர வேண்டாம்.

#12 டொரண்டோ தம்பி

எங்களுக்கும் இது பிரயோசனம். கனடாவில இருந்து வாற ஆக்கள் கொழும்பில இறங்கி வாகனத்துக்குள்ள ஏழெட்டு மணித்தியாலம் குந்தி இருந்துதான் ஊருக்குப் போறம். சென்னையால வந்தால்?

#13 மீனம்பாக்கம்

வரலாம் தம்பி, ஆனா ஒண்ணு கவனிங்க. டொரண்டோலேர்ந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னைலேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வேற டிக்கெட்னு தனித்தனியா எடுத்தா, சென்னைல குடிவரவு தாண்டி வெளிய வந்து பொட்டியை எடுத்து மறுபடி உள்ள போகணும். அதுக்கு இந்திய விசா வேணும். ஒரே டிக்கெட்டா கடைசி வரைக்கும் கிடைக்குதான்னு முதல்ல கேளுங்க. அதோட இந்தச் சின்ன வண்டியில பொதி அளவும் கம்மி. கனடாலேர்ந்து ரெண்டு பெரிய பொட்டியோட வர்றவங்க கூடுதல் எடைக்குக் கட்ட வேண்டிய பணத்தையும் கூட்டிப் பார்த்துட்டு முடிவெடுங்க.

#14 கிளிநொச்சியான்

நேரம் பார்க்கிற ஆக்களுக்கு ஒரு சின்ன விசயம். இப்ப இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒண்டு. அதால டிக்கெட்டில இறங்குற நேரத்தில இருந்து ஏறுற நேரத்தைக் கழிச்சால் பயண நேரம் நேரா வரும். எப்பவும் இப்பிடி இருக்கேல்லை. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, அந்த ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது, 2006 ஏப்ரல் 15தான் திரும்பவும் பழைய நேரத்துக்கு வந்தது. புலிகளின்ரை கட்டுப்பாட்டில இருந்த வன்னியில நாங்கள் அந்தப் பத்து வருஷமும் பழைய நேரத்தையே வைச்சிருந்தனாங்கள். ஓமந்தையில சோதனைச்சாவடி தாண்டினால் மணி அரை மணித்தியாலம் மாறும். அந்தக் காலத்து நேரசூசிகளை வைச்சுக் கணக்குப் பார்க்கிற ஆரும் இதை மறக்கக்கூடாது.

#15 கொக்குவில் ரோஜா

நல்லது. இன்னொரு கேள்வி. போகேக்கையும் வரேக்கையும் நேரம் ஒரே அளவா? டிக்கெட்டில அஞ்சு பத்து நிமிசம் வித்தியாசமாக் கிடக்கு. காத்தாலயா?

#16 அளவுகோல்

காற்றும் ஒரு காரணம், ஆனால் இந்தப் பாதையில் அது பெரிதாக விளையாடாது. பாதை வடக்கு–தெற்கு. ஆனியிலிருந்து புரட்டாசி வரை வீசும் தென்மேற்குக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் விழும். நேர் எதிரே மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் மூன்று நான்கு நிமிடம்தான் கூடும்.

பெரிய வித்தியாசம் சென்னையில் எந்தப் பக்கமாக இறங்குகிறார்கள் என்பதில் வரும். அங்கே முதன்மை ஓடுபாதை கிழக்கு–மேற்காக இருக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் பக்கமாக வந்து இறங்குவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற விமானம் ஏற்கெனவே கடல்மேல்தான் இருக்கிறது. அப்படியே இடப்பக்கம் திரும்பினால் ஓடுபாதை. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து இறங்க வேண்டும். அப்போது நகரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். அதற்கே ஐந்து பத்து நிமிடம் ஆகும். வரிசையில் வேறு விமானங்கள் இருந்தால் வானில் ஒரு வட்டமும் அடிக்க நேரலாம். பலாலியில் இந்த நெரிசல் கிடையாது. அதனால்தான் சென்னைக்குப் போகும் நேரம் சற்றுக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள்.

#17 மீனம்பாக்கம்

அக்கா, அம்மாவுக்கு நிமிஷத்தைவிட முக்கியமான விஷயம் படி. ஏடிஆர்ல ஜெட்டு மாதிரி ஏரோபிரிட்ஜ்ல நேரா நடந்து உள்ள போக முடியாது. தரையில நின்னு ஏறணும். பயணிங்க ஏறுற கதவு வண்டியோட பின்பக்கம், அந்தக் கதவுலயே மடக்குப் படி இருக்கும். படி கம்மிதான், ஆனா முழங்காலுக்கு அதுவும் கஷ்டம்தானே.

அதனால டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுடுங்க. "படி ஏற முடியாது"ன்னு தெளிவாச் சொல்லுங்க. நடக்க மட்டும் கஷ்டம்னு சொன்னா படிக்கட்டு வரைக்கும்தான் கொண்டு விடுவாங்க. படி ஏறமுடியாதவங்களுக்கு வேற ஏற்பாடு உண்டு, அதை முன்கூட்டியே சொன்னாத்தான் தயாரா வைப்பாங்க. இன்னொண்ணு, முன்வரிசை சீட்டு நல்லதுன்னு காசு கட்டி வாங்காதீங்க. கதவு பின்னாடி இருக்கிறதால கடைசி வரிசைகள்தான் அம்மாவுக்கு நடை கம்மி. நடுவழிப் பக்க சீட்டா கேளுங்க, காலை அப்பப்ப நீட்டிக்கலாம்.

#18 பழைய வாத்தியார்

மீனம்பாக்கம் தம்பிக்கு நன்றி. இப்பிடி விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொன்னால்தான் வயசானவை துணிஞ்சு வெளிக்கிடுவினம்.

பிள்ளை ரோஜா, வீட்டில இருந்து வீடு வரைக்கும் கணக்குப் பார். கொக்குவிலில இருந்து பலாலிக்கு முக்கால் மணித்தியாலம் வைச்சுக்கொள். சர்வதேசப் பறப்பு எண்டபடியால் மூண்டு மணித்தியாலம் முந்தியே நிக்கவேணும். பறப்பு ஒண்டேகால். சென்னையில குடிவரவு, பொதி எல்லாம் ஒரு மணித்தியாலம். பிறகு வாகன நெரிசலுக்கு ஒண்டு. மொத்தம் ஏழு மணித்தியாலம் வருது. ஆனா அதில பெரும்பங்கு எழும்பி நடக்கக்கூடிய நேரம். கொழும்பால போனால் பஸ்ஸில மட்டும் அதைவிடக் கூட.

#19 டொரண்டோ தம்பி

ஏழு மணித்தியாலமோ? அப்ப "ஒண்டேகால் மணித்தியாலத்தில சென்னை" எண்டு சொல்லுறது பிழையான விளம்பரம்தானே. மூண்டு மணித்தியாலம் முந்திப் போய் நிக்கச் சொல்லுறதைக் குறைக்கவேணும். சின்னப் பிளேன், எழுபது பேர் மட்டில. இவ்வளவு நேரம் ஏன்?

#20 அளவுகோல்

இதில் தம்பியோடு நான் உடன்படுகிறேன். குட்டிப் பாதைகளில் பயணியின் நேரத்தைத் தின்பது வானம் இல்லை, நிலையம்தான். விமானத்தை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பத்து நிமிடம்தான் மிச்சப்படும்; சோதனையும் குடிவரவும் சீராக நடந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சப்படும். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பலாலியிலிருந்து இரத்மலானை வானில் 330 கிலோமீட்டர் அளவு, சென்னை 356. அதாவது யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பும் சென்னையும் வானத்தில் ஏறக்குறைய ஒரே தூரம். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இரண்டு ஊருக்கு நடுவே போய்வர ஒரு முழு நாள் செலவாவது நியாயமில்லை. காலையில் போய் இரவில் திரும்பும்படி இரண்டு நேரமும் சேவை இருந்தால் மருத்துவத்துக்கு வருகிறவர்களில் பலருக்குத் தங்கும் செலவே இருக்காது. விமான நிறுவனங்களுக்கு இதை எல்லோரும் எழுத வேண்டும்.

#21 கிளிநொச்சியான்

எழுதவேணும், அதோட பிளேனில ஏறவும் வேணும். 2019 ஒக்டோபர் 17 திறந்தது, நவம்பர் 11 அலையன்ஸ் ஏர் ஓடத் தொடங்கினது, 2020 மார்ச்சில கொரோனாவோட நிண்டது. திரும்ப வர 2022 டிசம்பர் 12 ஆச்சு. 2024 செப்டம்பர் 1 இண்டிகோவும் வந்தது. சனம் ஏறினபடியால்தான் ரெண்டாவது நிறுவனம் வந்தது. எந்த நாள் எத்தினை பறப்பு எண்டது பருவத்துக்குப் பருவம் மாறும், அதால போடுறதுக்கு முந்தி அந்தந்த நிறுவனத்தின்ரை தளத்தில பாருங்கோ. இடைத்தரகர் தளங்களில ரத்தான பறப்பும் கிடக்கும்.

#22 திருச்சி செல்வி

ரோஜா அக்கா, அம்மாவோட விசாவுக்கு யாழ்ப்பாணத்துலயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கே, அங்க விசாரிச்சீங்களா? மருத்துவத்துக்குன்னு போறப்ப அதுக்குரிய விசாவா எடுங்க. கூடப் போற உங்களுக்கும் துணையாளர் விசா தனியா கேக்கணும்.

#23 கொக்குவில் ரோஜா

விசாரிச்சிட்டன் தங்கச்சி, ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறம். அது வந்த உடன டிக்கெட். கடைசி வரிசை, நடுவழிப் பக்கம் அம்மாவுக்கு, யன்னல் எனக்கு. சக்கர நாற்காலிக்கு "படி ஏற ஏலாது" எண்டே எழுதிக் குடுக்கிறன். யன்னல் எந்தப் பக்கம் எடுக்கட்டும்? அம்மா கடலும் கரையும் பார்க்கவேணும் எண்டுறா.

#24 அளவுகோல்

வடக்கே போகும்போது கரை உங்கள் இடப்பக்கம், ஏ என்ற எழுத்துள்ள இருக்கை. ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைக்காது. பின்வரிசையில் என்ஜினும் குறுக்கே வராது. வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை முனையில் தொடங்கிக் கரையோரம் நெடுகத் தெரியும். திரும்பி வரும்போது வலப்பக்கம் எடுங்கள்.